நடாலி டி ப்ளுவா: எஸ்ஓஎம் அலுவலகத்தில் 30 வருடங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகளிடம் இவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஒன்றிரண்டு கேள்விகளுக்குப் பதில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இவர்? நாங்கள் கேள்விப்பட்டதே இல்லையே?

பலரும் கேள்விப்பட்டதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நடாலி டி ப்ளுவா 1921 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் ஊரில் பிறந்தவர். அப்பா சிவில் இன்ஜினியர். 1944-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் முடித்தார். அதே வருடம் 'ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில்' என்ற நிறுவனத்தில் சேர்ந்து 1974 வரை, 30 வருடம், அங்கேயே இருந்தார். இந்த நிறுவனத்தை எல்லோரும் எஸ்ஓஎம் என்றுதான் சொல்வார்கள். நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் இருக்கும், அல்லது இருந்த, மூன்று பெயர்பெற்ற கண்ணாடிக் கட்டடங்களில் இவர் கை இருக்கிறது. வகுப்பில் அந்தக் கட்டடங்களின் படம் காட்டுவார்கள், பெயர் மட்டும் வேறொருவருடையதாக இருக்கும்.

எஸ்ஓஎம் எப்படிப்பட்ட நிறுவனம்?

லூயி ஸ்கிட்மோரும் நத்தானியல் ஓவிங்ஸும் 1936-ல் சிகாகோவில் தொடங்கியது. அடுத்த வருடமே நியூயார்க்கிலும் அலுவலகம் போட்டார்கள், 1939-ல் ஜான் மெரில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்காக டென்னசியில் ரகசியமாக எழுந்த ஓக் ரிட்ஜ் நகரத்தைத் திட்டமிட்டதில் அலுவலகம் பெரிதாக வளர்ந்தது. ஒரு மாஸ்டர், அவருக்குக் கீழே நாலு சீடர்கள் என்ற பழைய மாதிரியில் இது நடக்கவில்லை. இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் ஆட்கள், செலவுக் கணக்குப் போடுபவர்கள் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். வெளியே போகும் வேலை எல்லாம் நிறுவனத்தின் பெயரில்தான் போகும்.

கேட்க நல்ல ஏற்பாடு மாதிரி இருக்கும். ஆனால் பத்திரிகைக்காரருக்கு ஒரு முகம் வேண்டுமே. அந்த முகம் டிசைன் பார்ட்னருடையதாக, அதாவது டிசைனுக்குப் பொறுப்பான பங்குதாரருடையதாக ஆனது. நியூயார்க்கில் அவர் கார்டன் பன்ஷாஃப்ட்: 1937-ல் சேர்ந்தவர், 1949-ல் பார்ட்னர், 1988-ல் பிரேசில் ஆர்க்கிடெக்ட் ஆஸ்கர் நீமையருடன் சேர்த்து, ஆர்க்கிடெக்டுகளுக்கான உலகின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு. நடாலி அவருக்குக் கீழே சீனியர் டிசைனர்.

சீனியர் டிசைனர் என்றால் என்ன செய்வார்? பார்ட்னர் சொன்னதை வரைபவரா?

இல்லை. பெரிய அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இது புரிவது கஷ்டம், கொஞ்சம் விளக்குகிறேன். பார்ட்னர் கிளையன்டைப் பிடிப்பார், பேசுவார், பெரிய திசையைச் சொல்வார், "இது சரி, அது வேண்டாம்" என்று முடிவு செய்வார். ஆனால் ஒரு கட்டடத்துக்குத் தூண் எங்கே வரும், லிஃப்ட் எங்கே நிற்கும், கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் நடுவே எத்தனை அங்குலம், மூலையில் இரண்டு சுவர்கள் எப்படிச் சேரும் என்று ஆயிரம் முடிவுகள் இருக்கின்றன. அந்த ஆயிரத்தையும் மேசையில் உட்கார்ந்து எடுப்பவர், எடுத்துவிட்டு ஐந்து மாற்றுகளை மாடல் செய்து பார்ட்னர் முன்னால் வைப்பவர், சீனியர் டிசைனர்தான். பார்ட்னர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அந்த ஐந்தும் எங்கிருந்து வந்தன என்று பிறகு யாரும் கேட்பதில்லை.

தேர்ந்தெடுப்பதும் பெரிய திறமைதான், பன்ஷாஃப்டுக்குக் கூர்மையான கண் இருந்தது, அதை மறுக்கவில்லை. இரண்டும் டிசைன்தான், பெயர் மட்டும் ஒருவருக்கே போனது.

இந்த வேலைக்கு எப்படி வந்தார்?

முதல் வேலையை இழந்து வந்தார். படித்து முடித்ததும் நியூயார்க்கில் வேறொரு அலுவலகத்தில் சேர்ந்திருந்தார். அங்கே கூட வேலை செய்த ஒருவர் இவரிடம் ஆர்வம் காட்ட, இவர் மறுத்துவிட்டார். அந்த ஆள் போய், இவர் இங்கே இருந்தால் தன்னால் வேலை செய்ய முடியாது என்று சொல்ல, முதலாளி வேலையை விட்டு அனுப்பியது இவரை. அனுப்பும்போது அதே கட்டடத்தில் இருந்த எஸ்ஓஎம் அலுவலகத்தைக் கை காட்டினார். 23 வயதுப் பெண், எந்தத் தப்பும் செய்யாமல் வேலை போய், படியேறி அடுத்த வேலை கேட்கப் போகிறார். இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்துப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

முதல் பெரிய வேலை எது?

ஒஹாயோவின் சின்சினாட்டியில் டெரஸ் பிளாசா ஹோட்டல், 1948. வேலை தொடங்கியபோது இவருக்கு இருபதுகளின் நடு வயதுதான்.

இந்தக் கட்டடத்தைப் படத்தில் தேடிப் பாருங்கள். கீழே ஏழு மாடிக்கு ஜன்னலே இல்லாத செங்கல் பெட்டி, ஏனென்றால் அங்கே இருந்தவை டிபார்ட்மென்ட் கடைகள், கடைக்காரருக்குச் சுவர்தான் வேண்டும், வெளிச்சம் வேண்டாம். ஹோட்டல் லாபி எட்டாவது மாடியில், அதற்கு மேலே அறைகள். உச்சியில் வட்டமான ஒரு ரெஸ்டாரன்ட், அதற்கு ஸ்பானிய ஓவியர் ஜோன் மீரோவின் சுவரோவியம். லாபியில் அலெக்சாண்டர் கால்டர் செய்த தொங்கும் சிற்பம், இன்னொரு இடத்தில் சால் ஸ்டைன்பெர்க் வரைந்த சுவர். கடையையும் ஹோட்டலையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, லாபியை வானத்துக்குத் தூக்கும் யோசனை இன்று எல்லா ஊரிலும் சாதாரணம். 1948-ல் அது புதுசு. அந்த ஹோட்டல் மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. 2017-ல் கட்டடத்தை அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

லீவர் ஹவுஸ் இவர் டிசைன் செய்ததா? நேராகச் சொல்லுங்கள்.

இவர் மட்டும் செய்தது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். பார்க் அவென்யூவின் அந்தக் கண்ணாடிக் கட்டடம் பன்ஷாஃப்ட் முன்நின்ற வேலை, அந்த டிசைன் குழுவில் நடாலி முக்கியமானவர். 1952-ல் முடிந்தது, 24 மாடி. சோப்புக் கம்பெனிக்கான கட்டடம், அதனால் எப்போதும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கண்ணாடி துடைக்கும் தொட்டி கூரையிலிருந்து இறங்கும்படி வைத்தார்கள்.

அந்த வடிவம் எப்படி வந்தது என்பது முக்கியம். நியூயார்க்கின் 1916-ஆம் வருடத்துச் சட்டப்படி உயரமான கட்டடங்கள் மேலே போகப் போகப் படிப்படியாக உள்ளே ஒதுங்க வேண்டும். ஆனால் மனையில் கால்வாசிக்கு மேல் எடுத்துக்கொள்ளாத கோபுரம் நேராக மேலே போகலாம். அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் ஒல்லியான ஒரு கண்ணாடிப் பலகையை நிமிர்த்தி வைத்தார்கள், கீழே தூண்களின் மேல் ஒரு படுக்கைத் தளம், நடுவில் திறந்த முற்றம். கட்டக்கூடிய இடத்தில் பெரும்பகுதியைச் சும்மா விட்டுவிடக் கிளையன்டைச் சம்மதிக்க வைத்தார்கள், யோசித்துப் பாருங்கள். 1982-ல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆனது.

வெளிநாட்டு வேலைகள்?

லீவர் ஹவுஸ் நடந்துகொண்டிருந்தபோதே 1951-ல் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து பாரிஸ் போனார். அங்கிருந்து மேற்கு ஜெர்மனி. போன் நகரை ஒட்டிய பாட் கோடஸ்பெர்கில் எஸ்ஓஎம் ஒரு அலுவலகம் போட்டிருந்தது, ஓட்டோ ஆப்பெல் என்ற ஜெர்மன் ஆர்க்கிடெக்டுடன் சேர்ந்து அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடங்களைப் போரில் நொறுங்கிய ஊர்களில் எழுப்பினார்கள். நடாலி அந்தக் குழுவில் இருந்தார். 1955-ல் திறந்த இஸ்தான்புல் ஹில்டன் ஹோட்டலிலும் இவருக்குப் பங்கு உண்டு. இன்று ஒரு அலுவலகத்துக்கு நாலு கண்டத்தில் வேலை நடப்பது சகஜம், கடிதமும் கப்பலும்தான் வழி என்றிருந்த காலத்தில் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்த தலைமுறை இது.

பெப்சி-கோலா கட்டடத்தில் அப்படி என்ன விசேஷம்?

எனக்கு இவருடைய வேலைகளிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். 500 பார்க் அவென்யூ, 59-ஆவது தெரு முனை, 1960. வெறும் 11 மாடி. சுற்றிலும் எல்லாரும் உயரத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது இது சின்னதாக, அமைதியாக நிற்கும்.

கண்ணாடித் தகடுகள் ஒவ்வொன்றும் சுமார் 9 அடிக்கு 13 அடி. அவ்வளவு பெரிய கண்ணாடியை அந்தக் காலத்தில் அலுவலகச் சுவருக்குப் போடுவது துணிச்சல். நடுவில் சாம்பல் அலுமினியப் பட்டைகள், அவ்வளவுதான். தூண்களை முகப்பிலிருந்து உள்ளே தள்ளிவிட்டதால் மாடிகள் காற்றில் அடுக்கி வைத்த மாதிரி தெரியும். பக்கத்துக் கட்டடத்தை ஒட்டாமல் நடுவில் ஒரு ஒல்லியான இடைவெளி விட்டிருக்கிறார்கள், அதனால் அண்டை வீட்டின் சுவர் இதன் மேல் சாயாமல் தனியாக நிற்கிறது. சேர்க்கச் சேர்க்க நன்றாக வரும் கட்டடங்கள் உண்டு. இது எடுக்க எடுக்க நன்றாக வந்தது, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை இது. 1995-ல் இதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆனது.

யூனியன் கார்பைடு? அந்த போபால் கம்பெனியா?

அதே கம்பெனிதான். அந்தப் பெயரைக் கேட்டால் நமக்கு 1984 டிசம்பர் இரவைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வராது, வரவும் கூடாது. கார்பைடு இந்தத் தலைமையகத்தை 1970-களின் கடைசியில் விற்றுவிட்டது, போபால் நடந்தபோது அவர்கள் இங்கே இல்லை. இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசும் யாரும் அந்தப் பெயரைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம், அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

இப்போது கட்டடம். 270 பார்க் அவென்யூ, 1960-ல் எழுந்தது, 52 மாடி, 707 அடி. டிசைனில் ஒரு பெண் இவ்வளவு பெரிய பங்கு வகித்த உயரமான கட்டடம் அன்று வேறில்லை. அந்த இடத்தின் சிக்கல் தரைக்குக் கீழே இருந்தது. கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போகும் தண்டவாளங்கள் இரண்டு அடுக்காக மனைக்கு அடியில் ஓடுகின்றன. தூண்களைத் தண்டவாளங்களுக்கு நடுவில் கிடைத்த இடத்தில்தான் இறக்க முடியும். லிஃப்டுக்குத் தரைக்குக் கீழே குழி வேண்டும், அந்தக் குழிக்கும் இடமில்லை. என்ன செய்வது? லிஃப்ட் லாபியையே ஒரு மாடி மேலே தூக்கிவிட்டார்கள். தெருவிலிருந்து உள்ளே வருபவர் எஸ்கலேட்டரில் ஏறி, மேலே அகலமான ஒரு கூடத்துக்குப் போய், அங்கிருந்துதான் லிஃப்ட் பிடிப்பார். ரயில்வேயால் வந்த தொல்லை, கட்டடத்தின் மிக அழகான இடமாக மாறிவிட்டது. சின்சினாட்டியில் லாபியை எட்டாவது மாடிக்கு ஏற்றிய கையே இங்கேயும் இருந்தது என்பதை நினைத்துப் பார்ப்பேன்.

வெளியே கறுப்பு உலோகம், அதன் மேல் துருப்பிடிக்காத எஃகில் மெல்லிய செங்குத்துக் கோடுகள். தெருவிலிருந்து உள்ளே தள்ளி நின்றதால் முன்னால் அகலமான வெளி.

அந்தக் கட்டடம் இப்போது இல்லையாமே?

இல்லை. பிறகு உரிமையாளராக ஆன ஜேபி மார்கன் சேஸ் வங்கி அதை முழுக்கப் புதுப்பித்து, 2010-களின் தொடக்கத்தில் பசுமைக் கட்டடங்களுக்கான லீட் பிளாட்டினம் சான்றிதழும் வாங்கியது. அதற்குப் பத்து வருடம் ஆவதற்குள், 2019-க்கும் 2021-க்கும் நடுவில், அதே வங்கி அதை இடித்தது. உரிமையாளரே விரும்பி இடித்ததில் அதுவரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். அதற்கு முன் அந்தப் பெயர் 1968-ல் இடித்த சிங்கர் கட்டடத்துக்கு இருந்தது, அதுவும் நியூயார்க்தான். இப்போது அந்த இடத்தில் ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் வடிவமைத்த புதிய கோபுரம் நிற்கிறது.

அவர் பெயரைப் பரவலாகச் சொல்ல ஆரம்பித்ததே சமீபத்தில்தான், அதற்குள் கட்டடம் போய்விட்டது. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

பன்ஷாஃப்ட் இவரைக் கொடுமைப்படுத்தினாரா?

இவரைத் தன் பெரிய வேலைகளில் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டது அவர்தான், திறமை தெரியாமல் செய்திருக்க மாட்டார். ஆனால் நடாலி சொன்ன இரண்டு சம்பவங்கள் உண்டு. ஒருமுறை கூட்டத்துக்குக் கிளம்பும் நேரம், இவர் போட்டிருந்த பச்சை உடை பன்ஷாஃப்டுக்குப் பிடிக்கவில்லை, வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தால்தான் கூட்டிப் போவேன் என்றார். இன்னொன்று கனெக்டிகட் ஜெனரல் இன்ஷூரன்ஸ் தலைமையகம், 1957. ப்ளூம்ஃபீல்டில் வயல்வெளிக்கு நடுவே பரந்து கிடக்கும் கட்டடம், முற்றங்களைச் சிற்பி இசாமு நோகுச்சி செய்தார், வருடக்கணக்கில் இவர் உழைத்த வேலை. திறப்பு விழாவின்போது இவர் நிறைமாத கர்ப்பிணி. அதற்குள் குழந்தை பிறக்கவில்லை என்றால் விழாவுக்கு வர வேண்டாம் என்று பன்ஷாஃப்ட் சொல்லிவிட்டார். கட்டியவளையே திறப்பு விழாவுக்கு வராதே என்பதை எந்தக் காலத்துப் பழக்கம் என்று சொல்லியும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

நாலு பையன்கள் அவருக்கு. பிரசவங்களுக்கு நடுவில்தான் மேலே சொன்ன இத்தனை கட்டடங்களும்.

பார்ட்னர் ஆனாரா?

முழு பார்ட்னர் ஆகவில்லை. 1960-களின் தொடக்கத்தில் எஸ்ஓஎம்-இன் சிகாகோ அலுவலகத்துக்கு மாறினார், 1964-ல் முழு பார்ட்னருக்குக் கீழ்ப்படியான அசோசியேட் பார்ட்னர் ஆக்கினார்கள், அதோடு சரி. வேலைக்குச் சேர்ந்து 20 வருடம் கழித்து. சிகாகோவில் மிச்சிகன் அவென்யூவில் ஈக்விட்டபிள் கட்டடம் (1965) போன்ற வேலைகள் செய்தார்.

நிறுவனத்தைத் தொடங்கிய ஓவிங்ஸ் 1973-ல் வெளியிட்ட தன் நினைவுகளில், எஸ்ஓஎம்-இன் ஆண் நாயகர்கள் முத்திரையோடு வெளியே போன எத்தனை நல்ல தீர்வுகள் உண்மையில் இவருக்குக் கடன்பட்டவை என்பது இவருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும் என்ற பொருளில் எழுதினார். இதைப் பாராட்டு என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைப் படித்தால் கோபம்தான் வருகிறது. தொடங்கியவருக்கே தெரிந்திருக்கிறது. கடவுளுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும், பெயர்ப்பலகைக்கு மட்டும் தெரியாது என்றால் என்ன நியாயம்?

எஸ்ஓஎம்-இன் தலைமைப் பொறுப்புக்கு ஒரு பெண், மரிலின் டெய்லர், வந்தது 2001-ல்.

ஏன் வெளியே வந்து சொந்த அலுவலகம் தொடங்கவில்லை?

கேட்பது சுலபம். 1950-களில் சின்னக் குழந்தைகளோடு ஒரு பெண் தனி அலுவலகம் போட்டால் அவருக்கு வீடுகள் வரும், கடை முகப்புகள் வரும். 52 மாடி வராது, எந்தக் கம்பெனியும் தராது. அவர் செய்ய விரும்பிய அளவு வேலை கிடைக்கும் இடம் பெரிய அலுவலகம் மட்டும்தான். இன்றும் ஏர்போர்ட்டோ உயர்ந்த கோபுரமோ செய்ய ஆசைப்படும் இளைஞருக்கு இதே நிலைதான்: அளவு வேண்டுமா, பெயர் வேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடைப்பவர்கள் மிகக் குறைவு.

1974-க்குப் பிறகு?

அந்த வருடம் எஸ்ஓஎம்-ஐ விட்டார். அதே வருடம் அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் சங்கமான ஏஐஏ இவரை ஃபெல்லோ என்ற உயர்நிலை உறுப்பினர் ஆக்கியது, அதே சமயத்தில் சிகாகோ பெண் ஆர்க்கிடெக்டுகள் ஒன்றுசேர்ந்து தொடங்கிய அமைப்பின் முதல் உறுப்பினர்களில் இவரும் ஒருவர். ஹூஸ்டனில் சில வருடம் வேலை. அப்புறம் 1980-லிருந்து 1993 வரை ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்.

2013-ல், அவர் இறந்த அதே வருடம், ஹார்வர்டின் மாணவிகள் இருவர் ஒரு விண்ணப்பம் தொடங்கினார்கள். 1991-ல் ராபர்ட் வென்ச்சூரிக்கு மட்டும் தந்த பிரிட்ஸ்கர் பரிசில் அவரோடு சேர்ந்து வேலை செய்த டெனிஸ் ஸ்காட் பிரவுனின் பெயரையும் சேர்க்கச் சொல்லி. பரிசுக் குழு மறுத்துவிட்டது. ஆனால் யார் வரைந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகு அடங்கவில்லை, நடாலியின் பெயர் மேலே வந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். இன்று எஸ்ஓஎம் நிறுவனமே இவர் பெயரைச் சொல்கிறது.

நான் ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனத்தில் சேரப் போகிறேன். எனக்கு இதில் என்ன?

சேருங்கள், தயங்காதீர்கள். அங்கே மூன்று வருடத்தில் கற்பது வேறெங்கும் கிடைக்காது. ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எந்த வேலை, எந்தக் கட்டம், எந்த டிராயிங் என் கையால், யாரோடு சேர்ந்து, எந்தத் தேதியில். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில், வெளியேறும்போது போர்ட்ஃபோலியோவில் எதைக் காட்டலாம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போடுங்கள். பத்திரிகையில் வேலை வரும்போது குழுப் பட்டியல் கேட்பார்கள், அந்தப் பட்டியலை யார் தயார் செய்கிறார் என்று தெரிந்து வைத்து அவரிடம் போய்ச் சொல்லுங்கள், இதில் வெட்கம் வேண்டாம். நாளைக்கு நீங்களே டீம் லீடர் ஆகிப் பட்டியல் எழுத உட்காரும்போது, மூலை எப்படிச் சேர வேண்டும் என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட அந்த ஜூனியர் பெயரை விட்டுவிடாதீர்கள்.

இவர் வேலையை நேரில் எங்கே பார்க்கலாம்?

நியூயார்க் போனால் பார்க் அவென்யூவில் ஒரே நடையில் முடித்துவிடலாம். 390-ஆம் எண் லீவர் ஹவுஸ், அங்கிருந்து வடக்கே நடந்தால் 500. பெப்சி கட்டடத்தை எதிர்ப்பக்கத்து நடைபாதையிலிருந்து பாருங்கள், மாலையில் உள்ளே விளக்கு போட்ட பிறகு. ப்ளூம்ஃபீல்டில் கனெக்டிகட் ஜெனரல் கட்டடம் இடிபடாமல் தப்பி நிற்கிறது. அதே ஊரில் எம்ஹார்ட் கம்பெனிக்கு இவர் செய்தது (1963) தப்பவில்லை. சிகாகோவில் ஈக்விட்டபிள் 401 நார்த் மிச்சிகன், ஆற்றங்கரையில். பெப்சி கட்டடத்துக்குப் போனால் பக்கத்துக் கட்டடத்துக்கு நடுவே விட்ட அந்த ஒல்லி இடைவெளியை மட்டும் மறக்காமல் பாருங்கள்.